எண்ணெயில் அடங்கிய ஓசோன்

இடி இடித்து மழை ஓய்ந்த பின்னர்க் காற்றில் கூரிய மணம் ஒன்று சிலபோது எழும். மின்பொறி பறக்கும் இயந்திரங்களின் அருகிலும் அதே மணம் உண்டு. ஆலந்து நாட்டு அறிஞர் வான் மாரும் 1785ஆம் ஆண்டிலேயே தம் பெரிய மின் இயந்திரத்தின் பக்கத்தில் அதனை முகர்ந்து குறித்துவைத்தார். ஆயினும் அது மின்சாரத்துக்கே இயல்பான மணம் என்று கருதி அத்துடன் விட்டுவிட்டார். மணம் உண்டென்றால் மணக்கும் பொருள் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்று ஒருவர் எண்ணிப் பார்ப்பதற்கு மேலும் 54 ஆண்டுகள் ஆயின.

அவ்வாறு எண்ணியவர் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் ஷோன்பைன். 1839இல் அவர் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அதனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பிராணவாயு வெளிப்படும் முனையில் இம்மணத்தை உணர்ந்தார். மறு ஆண்டில் இதனைத் தனிப்பொருள் என்று துணிந்து, 'ஓசோன்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் மணத்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது அச்சொல். 'நாறுவது' என்று அதனைத் தமிழாக்கினால் பிழையாகாது. தமிழிலும் நாற்றம் என்பது பண்டு நறுமணத்தையும் குறித்து நின்ற சொல்லே அன்றோ?

மூக்கை மட்டும் நம்பி ஆராய்ச்சி நடத்த இயலாது. ஆகவே ஷோன்பைன் மாவுச்சத்தும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த தாளைச் சோதனைக்குப் பயன்படுத்தினார். ஓசோன் பட்டால் அயோடின் விடுபட்டு, மாவுச்சத்தோடு சேர்ந்து தாள் நீலமாகும். இந்த நீல நிறத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

பின்னர் ஐரோப்பாவில் ஓசோன் மோகம் ஒன்று பரவிற்று. கடற்கரைக் காற்றில் ஓசோன் மிகுதி, ஆகையால் அங்குச் சென்று மூச்சிழுத்தால் நலம் பெருகும் என்று விடுதிக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். கடற்கரையின் மணம் பெரும்பாலும் கடற்பாசி முதலியவற்றிலிருந்து எழும் கந்தகச் சேர்க்கையின் மணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. உண்மையில் ஓசோனை மிகுதியாக மூச்சிழுப்பவனுக்கு இருமலும் நெஞ்செரிவுமே மிச்சம். அது நண்பன், பகைவன் என்று வேறுபாடு பார்க்காத வாயு. வெள்ளியைக் கறுக்க வைக்கும், ரப்பரை வெடிக்க வைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும், நுண்ணுயிர்களையும் கொல்லும். இக்கடைசிக் குணத்தை நம்பித்தான் நெதர்லாந்தின் அவுட்ஷோர்ன் என்னும் ஊரில் 1893இலும், பிரான்சின் நீஸ் நகரில் 1906இலும் குடிநீரைத் தூய்மைப்படுத்த ஓசோனை ஏற்பாடு செய்தனர். முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் சீழ்ப்புண்களில் ஓசோன் வாயுவைச் செலுத்திப் பார்த்த மருத்துவர்களும் உண்டு. ஆனால் நீர்த்தொட்டி வேறு, நோயாளியின் உடம்பு வேறு. வாயிலும் மூக்கிற்கு அருகிலும் உள்ள ஒரு புண்ணுக்கு இவ்வாயுவை எவ்வாறு இடுவது? அதற்கு விடை எண்ணெயில் இருந்தது. அந்த விடை எப்படிப்பட்டது என்று விளங்க அறுபது எழுபது ஆண்டுகள் பிடித்தன.

வாய்ப்புண் என்றதும் தாய்மார்களுக்கு நினைவு வருவது பச்சிளங்குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் துணுக்குப் போல் படியும் வெண்மை. பழைய தமிழ் மருத்துவத்தில் 'அக்கரம்' என்னும் பெயர் இதற்கு வழங்கும். பால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணித் துடைத்தால் போகாது; வலிந்து துடைத்தால் அடியில் சிவந்து குருதி கசியும். குழந்தை பால் குடிக்க மறுக்கும். தாயில்லாப் பிள்ளைகளை வைத்து வளர்த்த ஐரோப்பிய விடுதிகளில் இது ஒரு குழந்தையிடமிருந்து மறு குழந்தைக்குத் தொற்றிப் பெருகியது. பால் புளித்ததனால் வந்தது, குழந்தையின் வயிற்றுக் கோளாறு வாயில் தெரிகிறது என்றெல்லாம் காரணம் கூறினார்கள். காரணம் தவறானபோது பழி பாலூட்டியவள் மேல் விழுவது இயல்பு.

ஷோன்பைன் தம் முனையில் ஓசோனை முகர்ந்த அதே 1839ஆம் ஆண்டில், ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக், கடுங்காய்ச்சலால் இறந்த ஒருவரின் வாயில் படிந்திருந்த வெண்படலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினார். நூல் நூலாக ஒரு பூஞ்சணம் தெரிந்தது. அதுவே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் தவறாக முடிவு செய்தார். சரியான இடத்தைத் தொட்டவர் ஸ்டாக்ஹோம் நகரத்துப் பெர்க். கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் மருத்துவராய் இருந்த அவர், குழந்தைகளின் வாய்ப்படலத்தில் இப்பூஞ்சணத்தைக் கண்டு 1841 முதல் எழுதினார்; ஏறத்தாழ அதே காலத்தில், 1842இல், பாரிஸில் குரூபி என்பவரும் அதனை விவரித்தார். பெர்க் 1846இல் ஒரு நூலே வெளியிட்டார். நோயுற்ற குழந்தையின் வாய்ப்படலத்தை எடுத்து நலமாக இருந்த குழந்தைகளின் வாயில் தடவி, அவர்களுக்கும் நோய் வந்ததைக் காட்டினார். காரணம் ஐயமற நிலைநாட்டப்பட்டது. ஆனால் கேட்பாரற்ற குழந்தைகளிடம் இத்தகைய சோதனை நடத்துவதை இன்று எந்த மருத்துவச் சபையும் ஒப்பாது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இதே பெர்க் பிற்காலத்தில், 1858இல், சுவீடன் நாட்டுப் புள்ளிவிவர நிலையத்தின் தலைவரானார். குழந்தைகளின் வாயைப் பார்த்தவர் நாட்டின் பிறப்பு இறப்புக் கணக்கைப் பார்க்கலானார்.

இப்பூஞ்சணம் ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்தது. கள்ளை நுரைக்க வைப்பதும் ரொட்டி மாவை உப்ப வைப்பதும் ஈஸ்டுகளே. அவை மனிதனுக்கு ஊழியம் செய்பவை. வாய்ப்புண் ஈஸ்டோ நலமுள்ள பலரின் வாயிலும் குடலிலும் ஆரவாரமின்றிக் குடியிருப்பது. உடம்பு தளரும்போதும், நீரிழிவு முற்றும்போதும், வலிய மருந்துகளால் பிற நுண்ணுயிர்கள் அழிந்து இடம் காலியாகும்போதும் அது தலையெடுக்கும். அப்போது உருண்டை வடிவை விட்டு இழையாக நீண்டு தசைக்குள் வேர்விடும். 1853இல் பிரெஞ்சு அறிஞர் ரோபின் இதற்கு ஒரு பெயர் வைத்தார். வேறு பலர் வேறு பெயர்கள் வைத்தார்கள். 1923இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பட்டத்திற்காக எழுதிய ஆய்வில் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் என்ற பெண்மணி 'கேண்டிடா' என்னும் இனப்பெயரை நிறுவினார். 'கேண்டிடா அல்பிகன்ஸ்' என்பது முழுப்பெயர். இலத்தீனில் முதற்சொல்லும் வெண்மை, அடுத்த சொல்லும் வெண்மை. பெயரிட்டோருக்கு அந்த வெள்ளைப் படலம் எவ்வளவு ஆழமாய் மனத்தில் பதிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஓசோன் எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை கூறியதே தாவர எண்ணெய்தான் என்பது பலர் அறியாத செய்தி. அது பிராணவாயுவின் மற்றொரு வடிவம் என்பது 1860ஐ ஒட்டி ஓரளவு தெளிந்திருந்தது. ஆனால் ஒரு மூலக்கூறில் எத்தனை அணு? ஜெனீவாவின் சோரே என்பவர் 1865இல் எளிய வழி ஒன்று கண்டார். ஓசோன் கலந்த பிராணவாயுவை இரு சம பங்காக எடுத்துக்கொண்டார். ஒரு பங்கைச் சூடாக்கினார்; ஓசோன் சிதைந்து சாதாரணப் பிராணவாயுவாகி, கன அளவு சற்றுக் கூடியது. மறு பங்கை டர்பன்டைன் எண்ணெயோடும் இலவங்கப்பட்டை எண்ணெயோடும் சேர விட்டார். எண்ணெய் ஓசோனை முழுவதும் விழுங்கிவிட, கன அளவு குறைந்தது. குறைந்த அளவு, முன்னர்க் கூடிய அளவைப் போல் சரியாக இரு மடங்கு! அதாவது, 2 பங்கு ஓசோன் சிதைந்தால் 3 பங்கு பிராணவாயு ஆகிறது. பிராணவாயுவின் மூலக்கூறில் 2 அணு. எனவே ஓசோனில் 3 அணு. பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிட்டுக் காணக்கூடிய இவ்வளவு தெளிவான ஆய்வுகள் இரசாயன வரலாற்றில் அதிகம் இல்லை.

எண்ணெய் ஓசோனை விழுங்கிற்று, நல்லது. விழுங்கிய பின் என்ன ஆயிற்று? ஓசோன் எண்ணெய்க்குள் ஓசோனாகவே, சீனி நீரில் கரைந்திருப்பதுபோல் கரைந்திருக்கிறதா, அல்லது வேறொன்றாக மாறிவிட்டதா? இக்கேள்விக்கு விடை வந்த வழி மலாயா மக்களுக்கு அந்நியமானதன்று. அது ரப்பர் வழியே வந்தது.

ஜெர்மானிய மின் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் 1857இலேயே, கண்ணாடிக் குழாய்களுக்கு இடையே மின்சாரத்தை ஒலியின்றிப் பாயவிட்டு ஓசோனை உண்டாக்கும் கருவியை அமைத்திருந்தார். அவருடைய மகள் ஹெர்த்தாவை மணந்தவர் கார்ல் ஹாரிஸ் என்னும் இரசாயன அறிஞர். மாமனார் கருவி செய்தார். மருமகன் அக்கருவியின் விளைபொருளை வைத்து வாழ்நாள் ஆராய்ச்சி நடத்தினார். ஒரே குடும்பத்தில் இப்படி அமைவது அரிது. 1903 முதல் ஹாரிஸ் பொருள் பொருளாக எடுத்து ஓசோனைச் செலுத்திப் பார்த்தார். அவர் கண்ட உண்மை இது: கரி அணுக்கள் இரண்டு, இரு கைகளாலும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இடம் ஒரு மூலக்கூறில் எங்கு உண்டோ, அங்கேதான் ஓசோன் பாய்கிறது. ஒற்றைக் கையால் பற்றிய இடங்களை எளிதில் தொடுவதில்லை. இரட்டைப் பிணைப்பில் பாய்ந்த ஓசோன் அங்கே தங்கி, 'ஓசோனைடு' என்னும் புதுப்பொருளாகிறது. அதனை நீரோடு சேர்த்துச் சிதைத்தால், மூலக்கூறு அந்த இடத்திலேயே இரு துண்டாகும். துண்டுகளை ஆராய்ந்தால், முழுப்பொருளில் இரட்டைப் பிணைப்பு எங்கிருந்தது என்று சொல்லிவிடலாம். இவ்வேலை ஆபத்தானது, சிறிய ஓசோனைடுகளில் சில, சிறு தீண்டலிலேயே வெடிக்கும் இயல்புடையவை.

ஹாரிஸ் இக்கத்தியை ரப்பரின் மேல் வைத்தார். பால்மரத்தின் பாலிலிருந்து வரும் அப்பொருளின் உள்ளமைப்பு அன்று யாருக்கும் விளங்காத புதிர். ஓசோன் செலுத்திச் சிதைத்தபோது கிடைத்தவற்றுள் முதன்மையானது, 5 கரி அணுக்கள் கொண்ட லெவுலினிக் ஆல்டிஹைடு என்ற பொருள். ஒரு மாலையை முடிச்சு தோறும் வெட்ட, கிடைத்த துண்டெல்லாம் ஒரே அளவாக இருந்தால், முடிச்சுகள் ஒரே இடைவெளியில் இடப்பட்டவை என்று தெரியவில்லையா? அதுபோல ரப்பரிலும் இரட்டைப் பிணைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருப்பது புலனாயிற்று. இந்த அளவில் ஹாரிஸ் சொன்னது சரி. ஆனால் 1905இல் அவர், அம்மாலை மிகச் சிறிய வளையம் என்றும், பல வளையங்கள் ஒட்டி நிற்பதே ரப்பர் என்றும் கருதியது தவறாயிற்று. அது முடிவே தெரியாத நீண்ட சங்கிலி என்று 1920 முதல் வாதாடியவர் ஸ்டாடிங்கர். பலர் எள்ளி நகையாடியும் அவர் தளரவில்லை. 1953இல் நோபல் பரிசு பெற்றார். ஹாரிஸ் அதனைக் காண உயிரோடு இல்லை, 1923இல் காலமாகிவிட்டார்.

இங்கு ஒரு கிளைக்கதை. இழுத்துக் கட்டிய ரப்பர் காற்றுப்பட்டு நாளடைவில் குறுக்கே வெடிப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கண்டிருப்பர். காற்றிலுள்ள சிறிதளவு ஓசோன் மேற்கூறிய அதே வழியில் சங்கிலிகளை வெட்டுவதன் விளைவு அது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் கவிந்தபோது, ஹாகன்-ஸ்மித் என்ற அறிஞர், வளைத்து வைத்த ரப்பர்த் துண்டுகள் எவ்வளவு வெடிக்கின்றன என்பதைக் கொண்டே காற்றிலிருந்த ஓசோனை அளந்தார்.

ரப்பரில் நடந்ததே எண்ணெயிலும் நடக்கிறது. ஒலிவ எண்ணெயின் பெரும்பகுதியான ஒலிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினொலிக் அமிலத்தில் இரண்டு. நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் நிறைய உள்ளன. இவ்வெண்ணெய்களுக்குள் ஓசோனைக் குமிழிகளாக விடும்போது, ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் அது பாய்ந்து மாறிப்போகிறது. எண்ணெய் மெல்ல மெல்லத் தடித்து, ஒலிவ எண்ணெயானால் வெண்ணெய்போல் உறைந்தும் விடும். தேங்காயெண்ணெயின் கதை வேறு. அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஆகவே ஓசோன் பற்றிக்கொள்ள அங்கு இடம் குறைவு. செம்பனை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தேங்காயெண்ணெயை இதனால் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. அதிலுள்ள லாரிக் அமிலமும் காப்ரிக் அமிலமும், எண்ணெயிலிருந்து பிரிந்த நிலையில், ஓசோனின் உதவியின்றியே கேண்டிடா ஈஸ்டைக் கொல்லும் என்று 2001இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர்.

ஓசோன் பாய்ந்த இடத்தில் படிப்படியாக என்ன நிகழ்கிறது என்பதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்துக் கிரீகே 1949ஐ ஒட்டித் தெளிவாக்கினார். மூலக்கூறு முதலில் பிளக்கிறது. பிளந்த துண்டுகள் வேறு முறையில் மீண்டும் கைகோத்து நிலையான ஓசோனைடு ஆகின்றன. சில துண்டுகள் ஈரத்தோடு சேர்ந்து பெராக்சைடுகளாகவும் ஆல்டிஹைடுகளாகவும் நிற்கின்றன. ஆகவே, 'ஓசோன் எண்ணெய்' என்று புட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் மயக்கம் தருவது. ஓசோன் எண்ணெயில் ஓசோன் இல்லை. ஓசோனின் சீற்றம் எண்ணெயின் மூலக்கூறுகளிலேயே செலவழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அச்சீற்றத்தின் ஒரு பகுதியைக் கட்டிவைத்திருக்கும் புதுப்பொருள்கள். அவை தோலின் ஈரத்தைச் சந்திக்கும்போது சிறுகச் சிறுகச் சிதைந்து வேலை செய்கின்றன. வாயுவை நெஞ்சு தாங்காது. எண்ணெயைத் தோல் தாங்குகிறது என்பதன் காரணம் இதுவே.

ஈஸ்டுக்கு என்ன நேர்கிறது? அதன் உயிரணுவைச் சூழ்ந்து உறுதியான சுவர் ஒன்றும், அதனுள் கொழுப்பாலான மெல்லிய சவ்வும் உள்ளன. பெராக்சைடுகள் அச்சவ்வின் கொழுப்பையும், உள்ளிருக்கும் புரதங்களையும் தாக்குகின்றன. சவ்வு ஓட்டையாகி உள்ளடக்கம் கசிகிறது. சாதாரண மருந்து ஒரே ஒரு பூட்டுக்குச் செய்த சாவி போன்றது; ஈஸ்டு பூட்டை மாற்றிக்கொண்டால் சாவி பயன்படாது. இப்பொருள்களோ பல இடங்களில் ஒருங்கே இடிப்பவை. அதனால் ஈஸ்டு இவற்றுக்குப் பழகிக்கொள்வது கடினம் என்று ஆய்வாளர்கள் நம்புகின்றனர்.

இந்நம்பிக்கைக்கு இன்று தேவை இருக்கிறது. ஈஸ்டின் உயிரணு அமைப்பில் மனித உயிரணுவை ஒத்திருப்பதால், அதனை மட்டும் கொன்று மனிதனை விட்டுவிடும் மருந்து கிடைப்பது அரிது. நீண்ட காலம் ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயத்தைக் குழந்தைகளின் வாயில் பூசிவந்தார்கள். 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர்கள், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாட்டின் என்ற மருந்தைக் கண்டு அறிவித்தனர். ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்து, மாதிரிகளை அஞ்சலில் அனுப்பிக்கொண்டே அதனைச் சாதித்தனர். பிறகு வேறு மருந்துகளும் வந்தன. ஆயினும் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியனவே. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்டு, பல மருந்துகளை மீறி நாடு நாடாகப் பரவிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கொடிய பூஞ்சணங்களின் பட்டியலில், முதல் வரிசையில் அதுவும் பழைய கேண்டிடா அல்பிகன்சும் இடம்பெற்றுள்ளன.

எண்ணெய்ப் பக்கத்தில் மிகுதியாக உழைத்த நாடு கியூபா. மருந்துத் தட்டுப்பாடு மிகுந்த அந்நாட்டில், கையில் கிடைக்கும் எளிய பொருளிலிருந்து மருந்து காணும் முயற்சிக்குத் தனி மதிப்பு இருந்தது. ஹவானாவின் ஓசோன் ஆராய்ச்சியாளர்கள் சூரியகாந்தி எண்ணெயில் ஓசோனைச் செலுத்தி 'ஒலியோசோன்' என்னும் மருந்தை உருவாக்கினர். கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் போன்ற பூஞ்சண நோயுடையோர் 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இவ்வெண்ணெயும் மறு பிரிவுக்கு வழக்கமான கீட்டோகோனசோல் களிம்பும் கொடுத்துப் பார்த்த முடிவு 2002இல் வெளிவந்தது; குணமடைந்தோர் தொகை இரு பிரிவிலும் பெரிதும் வேறுபடவில்லை. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் அது தோலின் பூஞ்சணம் பற்றியது, வாயின் ஈஸ்டு பற்றியதன்று. கால்விரலில் வென்ற எண்ணெய் குழந்தையின் நாவில் வெல்லும் என்று அதனைக்கொண்டு வாதிட முடியாது. குழந்தை விழுங்கவும் செய்யுமே!

ஈஸ்டின் மேல் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் நடந்தவை. அகர் பாகில் ஈஸ்டைப் பரப்பி, நடுவே எண்ணெயை வைத்து, சுற்றிலும் ஈஸ்டு வளராத வட்டம் எவ்வளவு அகலம் என்று அளப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அகர் நீர் நிறைந்தது. எண்ணெய் நீரில் பரவாது. வலிய எண்ணெயும் சிறு வட்டம் காட்டக்கூடும். நீரோடு கலக்க ஏதேனும் சேர்த்தால் சேர்த்த பொருளே ஈஸ்டைத் துன்புறுத்தியிருக்கவும் கூடும். எனவே, ஓசோன் செலுத்தாத அதே எண்ணெயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட சோதனையே சோதனை. அவ்வாறு ஒப்பிடாத அறிக்கைகளைப் படித்துவிட்டு வியப்பதில் பயனில்லை. மேலும் வாயில் உமிழ்நீர் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. செயற்கைப் பல் கட்டியவர்களிடம் ஈஸ்டு அப்பல் தட்டின்மேல் பிசின்போன்ற படலமிட்டு அதனுள் ஒளிந்துகொள்கிறது. கண்ணாடித் தட்டில் இவை இரண்டும் இல்லை.

ஒரு புட்டி மற்றொரு புட்டிபோல் இருப்பதுமில்லை. எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் ஓசோன் செலுத்தினார்கள், எவ்வளவு ஈரம் இருந்தது என்பதைப் பொறுத்து உள்ளிருக்கும் பெராக்சைடின் அளவு மாறும். வெப்பத்தில் வைத்தால் அது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள். வலிமை எவ்வளவு என்று அறியும் முறை இது: எண்ணெயில் சிறிது எடுத்துப் பொட்டாசியம் அயோடைடோடு சேர்ப்பார்கள், பெராக்சைடு அயோடினை விடுவிக்கும், விடுபட்ட அயோடினை அளக்க மாவுச்சத்துக் கரைசலில் சில துளி இடுவார்கள். பேசல் நகரத்தில் ஷோன்பைன் கண்ட அதே நீலம் குடுவையில் தோன்றும். அந்த நீலம் மறையும் வரையில் தயோசல்பேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சொட்டுகளின் அளவைக் கொண்டு எண்ணெயின் வலிமையைக் கணக்கிடுகிறார்கள்.